ஏமாந்த பிள்ளையும் எட்ட இருக்கும் பெற்றோரும்

(விடுதி மாணவர்களின் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இணைய மோசடியில் அகப்படாமல் இருப்பது எப்படி என்று பேசும்படியாகத்தான் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் முதலில் என்னைக் கேட்டார்கள். அந்த விஷயத்தைப் பற்றி வங்கிச் சுவர்களிலும், பேருந்து நிலையத்துப் பலகைகளிலும், கைப்பேசியில் மறுமுனை மணி அடிப்பதற்கு முன் குறுக்கிட்ட அறிவிப்புக் குரலிலும் நாம் வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகையால், ஏமாறுவதற்கு முந்திய நாளை விட்டுவிட்டு, ஏமாந்த நாளையும் அதை அடுத்து வரும் வாரங்களையும் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். அதிலும், வீட்டை விட்டு இருநூறு முந்நூறு மைலுக்கு அப்பால் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், ஊரில் இருக்கும் தாய் தந்தையர் தொலைபேசி ஒன்றையே துணையாகக் கொண்டு என்ன செய்ய இயலும், என்ன செய்யலாகாது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு மாணவனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவன் தனியாக இல்லை. பலர் வாயிலாகக் கேட்டவற்றை ஒருவன் தலையில் ஏற்றிச் சொல்கிறேன். ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். தகப்பனார் மிளகாய் போடுகிற விவசாயி. மகன் கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மிளகாய் விற்ற பணத்தில் 40,000 ரூபாய், பருவக் கட்டணத்துக்காக மகனுடைய கணக்கில் போடப்பட்டிருக்கிறது. கட்டுவதற்கு இன்னும் இரண்டு வாரம் தவணை இருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ஓய்வு நேரத்து வேலை. ஹோட்டல்களுக்கு இணையத்தில் நட்சத்திரம் போட்டால் போதும். ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று ஹோட்டலுக்குப் போடுகிறான். 150 ரூபாய் மெய்யாகவே கணக்கில் வந்து விழுகிறது. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்க்கப்படுகிறான். அங்கே நூற்றுக்கணக்கான பேர், பணம் வந்ததாகக் காட்டும் வங்கிச் செய்திகளைப் படம் பிடித்துப் போட்டு நன்றி பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசக்காரரின் சொந்த ஆட்களே என்பதை அவன் அறியான். 1,000 கட்டினால் 1,300 என்கிறார்கள்; கட்டுகிறான், வருகிறது. 5,000 கட்டுகிறான், இம்முறை கணக்குக்கு ஒன்றும் வரவில்லை, அவர்கள் காட்டும் பக்கத்தில் மட்டும் தொகை ஏறி நிற்கிறது. 'நீங்கள் தவறாக அழுத்திவிட்டீர்கள். உங்களோடு சேர்ந்த மூன்று பேருடைய பணமும் உங்களால் முடங்கிக் கிடக்கிறது. 12,000 செலுத்தினால் எல்லாம் விடுபடும்' என்கிறார்கள். அதையும் செலுத்துகிறான். அதன்பின் வரி என்கிறார்கள், உத்தரவாதத் தொகை என்கிறார்கள். கட்டணப் பணம் தீர்ந்து, அறைத் தோழனிடம் வாங்கிய கைமாற்றும் தீர்ந்து, கடன் செயலி ஒன்றில் வாங்கிய கடனும் தீர்ந்த பிறகுதான் அவனுக்கு விழிப்பு வருகிறது.

இந்தக் கதையைக் கேட்டதும் 'பேராசை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவது நம்மவர் வழக்கம். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை. அவன் அந்த வேலையை ஒப்புக்கொண்டதற்குக் காரணம், மாதாமாதம் மெஸ் கட்டணத்துக்கு அப்பாவிடம் கை நீட்டுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது என்பதே. 12,000 ரூபாயைச் செலுத்தியதற்குக் காரணம், முகம் தெரியாத மூன்று பேருடைய பணம் தன்னால் கெடுகிறதே என்று பதறியது. அதுபோல் ஒரு பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்: காவல்துறை உடுப்பில் ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, 'உன் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே' என்று அதட்டும்போது, அந்தப் பெண் இரவு முழுதும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் பெரியவர்களுக்கும் அதிகாரத்துக்கும் அடங்கி நடக்க வேண்டும் என்று நாம் சொல்லி வளர்த்ததே. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே தம் வானொலி உரையில் அதைச் சொல்ல நேர்ந்தது. சிக்கனம், இரக்கம், கீழ்ப்படிதல் என்று நாம் பிரயாசைப்பட்டு ஊட்டிய குணங்களையே மோசக்காரன் பிடித்துக்கொள்கிறான். அப்படியிருக்க, ஏமாந்த பிள்ளையின் குணத்தைச் சந்தேகிப்பதில் நியாயம் இல்லை.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் அந்தச் சந்தேகமே பெரிய விக்கினமாக இருக்கிறது என்பதை விளக்க வேண்டும். அதற்கு, பறிபோன பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். மாணவன் அனுப்பிய 12,000 ரூபாய் மோசக்காரனுடைய சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. எங்கோ ஓர் ஏழைத் தொழிலாளியோ, செலவுக்குத் திண்டாடும் மற்றொரு மாணவனோ, கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விட்ட கணக்கில் போய் விழுகிறது. அங்கே அது நிற்பதும் இல்லை. சில நிமிஷங்களுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்து வேறு வங்கிகளிலுள்ள வேறு கணக்குகளுக்கும், அங்கிருந்து மேலும் பல கணக்குகளுக்கும் பாய்ந்து, கடைசியில் ஏதேனும் ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வருகிறது. அல்லது கிரிப்டோ நாணயமாக மாறி எல்லை கடந்துவிடுகிறது. இந்த ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் புகார் அதை எட்டிப் பிடிக்கிறதோ, அந்தக் கட்டத்தில் மிஞ்சியிருக்கும் தொகைதான் காப்பாற்றப்படும்.

எட்டிப் பிடிப்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்த இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், 2021இல் நாடு முழுவதற்கும் ஓர் உதவி எண்ணைத் தொடங்கியது. முதலில் 155260 என்று இருந்த அந்த எண், நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக 1930 என்று சுருக்கப்பட்டது. அந்த எண்ணுக்குச் சொல்லும் விவரம், பணம் போன வங்கிக்கு உடனே கணினி வழியாகச் செல்கிறது. பணம் அங்கேயே இருந்தால் அந்த வங்கி அதை நிறுத்தி வைக்கிறது. அடுத்த வங்கிக்குத் தாண்டியிருந்தால், எந்த வங்கி என்று குறித்துப் புகாரை அங்கே அனுப்பிவிடுகிறது. பணத்தின் பின்னாலேயே புகாரும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திப் புறப்பட்டவன் மோசக்காரன். அவன் எத்தனை நாழிகை முந்திப் புறப்பட்டான் என்பதைத் தீர்மானிப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆனால் அந்த நாழிகைகளில் நம் மாணவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? மெஸ்ஸுக்குப் போகாமல் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்து 'சாப்பிட்டியா' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்கிறான். அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே யோசனையில் இரண்டு நாள், மூன்று நாள், சில சமயம் கட்டணம் கட்டும் கெடு முடிந்து கல்லூரியிலிருந்தே வீட்டுக்குத் தகவல் போகும் வரையில், ஒருவரிடமும் வாயைத் திறவாமல் இருக்கிறான். பணம் ஏடிஎம்முக்குப் போய்ச் சேர இதற்கு மேல் அவகாசம் வேண்டியதில்லை. மோசக்காரனுக்கு ஒரு மென்பொருளும் செய்துதராத உபகாரத்தை நம் வீட்டு வசவு செய்துகொடுக்கிறது என்று நான் சொன்னால் சில தகப்பனார்களுக்குக் கோபம் வரலாம், வந்தாலும் பாதகமில்லை.

ஒருநாள் அந்த அழைப்பு வந்தே தீரும். பெரும்பாலும் அம்மாவுக்குத்தான் வரும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அப்பாவிடம் கொடுப்பாள். அந்தச் சந்தர்ப்பத்தில் திட்டக் கூடாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, நல்ல மனம் படைத்த தகப்பனார்கள் சொல்லும் ஒரு வார்த்தையைப் பற்றி. 'போனது போகட்டும், தம்பி, விட்டுத் தள்ளு' என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்த நிமிஷத்துக்கு அது பொருந்தாத வார்த்தை. ஏனெனில், பணம் முழுதாகப் போய்விட்டதா என்று இன்னும் எவருக்கும் தெரியாது. போனது போகட்டும் என்று கேட்ட பிள்ளையோ, ஆறுதல் கிடைத்த நிம்மதியில் அப்படியே தூங்கப் போய்விடுகிறான். அப்போது சொல்லத்தக்கது இவ்வளவுதான்: 'நீ சொன்னது நல்லதாய்ப் போயிற்று. இப்பவே 1930க்குப் பேசு. பணம் போன மெஸேஜை எடுத்து உன் ரூம்மேட் கையிலே கொடு, அவன் பார்த்து நம்பரைச் சொல்லட்டும். பத்து நிமிஷத்திலே நானே கூப்பிடறேன்.' எப்போது நடந்தது, ஏன் நடந்தது, யார் சொல்லி நடந்தது என்ற விசாரணைகள் அனைத்தும் மறுநாள் காலை வரையில் காத்திருக்கலாம்.

மகனை அழைக்கச் சொல்லிவிட்டுத் தகப்பனார் சும்மா இருப்பதா என்று கேட்கலாம். கணக்கு அவன் பெயரில் இருக்கிறது, பதினெட்டு நிரம்பிவிட்டது, அவன் கணக்கைப் பற்றி வங்கி உங்களிடம் பேசாது. பணம் சென்ற தேதி, நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனைக்கு உரிய 12 இலக்க எண் ஆகியவை அவன் கைப்பேசியில்தான் இருக்கின்றன. அதற்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. தன் கையால் பணத்தை இழந்தவன், தன் கையாலேயே அதைத் தேடும் காரியத்தைத் தொடங்கினால்தான் இழந்த தன்மதிப்பில் ஒரு பங்கையாவது அன்றைக்கே மீட்டுக்கொள்கிறான். எல்லாவற்றையும் தகப்பனார் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தால், காரியம் நடக்கலாம். பிள்ளையோ மறுபடியும் எட்டு வயதுப் பையன் ஆகிவிடுகிறான்.

உதவி எண்ணில் புகாரைப் பதிந்ததும் ஓர் ஒப்புகை எண் குறுஞ்செய்தியாக வரும். அதை வைத்துக்கொண்டு தாமதமில்லாமல் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழு விவரத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டும். அதே மூச்சில் தன் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஏமாந்தது புலப்பட்டவுடன் பிள்ளைகள் முதலில் செய்வது என்னவென்றால், அருவருப்பு மேலிட்டு அந்த டெலிகிராம் குழுவை அழித்துவிடுவதுதான். முகத்தில் பட்ட சேற்றைக் கழுவுகிற அவசரம் போன்றது அது. ஆனால் அந்தச் சேறுதான் சாட்சியம். உரையாடல், அழைத்த எண்கள், காட்டிய இணைய முகவரி, பணம் கேட்ட கணக்குகள் எல்லாவற்றையும் முதல் வேலையாகப் படம் எடுத்து வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும்; நாம் அழிக்காவிட்டாலும் அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து அழித்துவிடுவார்கள்.

வங்கியின் பொறுப்பைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகப் பேசுவோம். இதில் வீண் நம்பிக்கை கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், வீணாக நம்பிக்கை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் களவு போன சந்தர்ப்பங்களைப் பற்றியது. அவர் பக்கம் தவறு இல்லாமல், வங்கி பக்கமும் தவறு இல்லாமல், இடையில் வேறெங்கோ நேர்ந்த கோளாறினால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் அவர் தெரிவித்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவர் ஏற்க வேண்டிய நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஓடிபியைச் சொல்லிவிட்டது போன்ற கவனக்குறைவு வாடிக்கையாளருடையதாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு. கவனக்குறைவு என்பதை நிரூபிக்கும் பாரமும் வங்கியுடையது. ஆனால், நம் மாணவன் செய்ததைப் போல், தன் ரகசிய எண்ணைத் தானே அழுத்தித் தானே அனுப்பிய பணத்துக்கு இந்தச் சுற்றறிக்கை சாதாரணமாகத் துணை செய்யாது. அங்கே வங்கி மேலாளரோடு சண்டை போடுவதில் பயன் இல்லை. 1930 வழியாகப் பணத்தைத் துரத்துவதே வழி. யார் கணக்கில் என்ன நடந்தது என்று பகுத்துப் பார்க்காமல் வங்கிக் கிளையில் போய்ச் சத்தம் போட்டு ஒரு நாளை வீணாக்கிய குடும்பங்கள் பல.

கைப்பேசியே கைமாறிப் போன மோசடிகளும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும், உதவித்தொகைப் படிவம் என்றும் ஏபிகே என்னும் செயலிக் கோப்பாக வந்ததைத் திறந்தவர்கள், திரையைப் பகிரும் செயலியை நிறுவியவர்கள் ஆகியோருக்குப் புகாரோடு காரியம் முடிவதில்லை. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொருவர் போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். தம் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவோ என்ற ஐயம் இருப்பவர்கள் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லா அழைப்புத் திருப்பல்களும் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் பார்த்து, அறியாதவற்றை நீக்க வேண்டும். விடுதியில் கணினி படிக்கும் பையன் ஒருவன் இல்லாமலா இருப்பான்? அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அரை மணி நேர வேலை.

இனி, எவரும் எதிர்பாராத ஒரு திருப்பத்தைச் சொல்கிறேன். புகார் கொடுத்த மாணவனுடைய கணக்கே, சில நாள் கழித்து முடங்கிப்போகலாம். வங்கியில் கேட்டால் 'லீன் போட்டிருக்கிறது. வேறு மாநிலத்துப் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறோம்' என்பார்கள். ஆரம்பத்தில் அவனுக்கு வந்தனவே 150 ரூபாயும் 1,300 ரூபாயும், அவை மோசக்காரன் வீட்டுப் பணம் அல்ல; இவனைப் போலவே எங்கோ ஏமாந்த இன்னொருவர் இழந்த பணம். அவர் கொடுத்த புகார் தன் வழியே ஓடி இவனுடைய கணக்கையும் வந்து தொட்டிருக்கிறது. குடும்பம் இதைக் கேட்டு நடுங்கிப்போகும், நடுங்க வேண்டியதில்லை. தன் ஒப்புகை எண்ணையும், சேமித்து வைத்த உரையாடலையும் வங்கிக்கும், முடக்கச் சொன்ன காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் அனுப்பி, தானும் ஏமாந்தவனே என்று காட்டி, சர்ச்சைக்குரிய சிறு தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றதை விடுவிக்கும்படி கேட்கலாம். முன்னமே புகார் செய்திருப்பதன் மற்றொரு நன்மை இங்கேதான் தெரிகிறது: புகார் செய்யாத பையன் இந்த இடத்தில் குற்றவாளியைப் போல் நிற்கிறான்.

முதல் மோசடியைவிட இரண்டாவதைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுகிறேன். பணத்தை இழந்து தவிப்பவர்களின் பெயர்ப் பட்டியல் மோசக்காரர்களிடையே விலைபோகும் சரக்கு. ஒரு வாரத்துக்குள் ஒருவன் வக்கீல் என்றோ, சைபர் நிபுணர் என்றோ வந்து, 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன்; முன்பணமாக 3,000 மட்டும் போதும்' என்பான். 1930க்கும் காவல் நிலையத்துக்கும் கட்டணம் என்பதே கிடையாது; கட்டணம் கேட்கிறவன் பழைய திருடனுடைய கூட்டாளி என்றே கொள்ளலாம். இதனினும் கொடியவன் மற்றொருவன். பெரும்பாலும் அதே கல்லூரியில் மேல் வகுப்பில் படிக்கிறவனாகவே இருப்பான். 'உன் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ஒரு மாதம் கொடு; 10,000 தருகிறேன்; அப்பாவுக்குத் தெரியாமல் கடனை அடைத்துவிடலாம்' என்பான். கடனோடும் வெட்கத்தோடும் தனியே கிடக்கிற பையனுக்கு இது தெய்வம் கொடுத்த வரம் போல் தோன்றும். அன்றோடு அவன் ஏமாந்தவன் என்ற நிலை மாறி, ஏமாற்றுகிறவர்களின் கருவியாகிவிடுகிறான். பல மாநிலங்களில் பதிவான புகார்களில் அவன் கணக்கு எண் ஏறும், வெளியூர்ப் போலீஸார் விடுதி வாசலில் வந்து நிற்பார்கள், வழக்கும் வரும். தாய் தந்தையரிடம் சொல்ல முடியாத கடன் ஒன்று பிள்ளைக்கு இருக்குமானால், அதைத் தீர்த்துவைக்க இப்படி ஒருவன் வந்தே தீருவான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆதலால் கடன்களைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுப் பட்டியல் முதல் நாளில் வராது, இரண்டாம் மூன்றாம் முறையில்தான் வரும். அறைத் தோழனுக்குத் தர வேண்டியதை முதலில் தீர்த்துவிடுவது நல்லது. தொகை சிறிதாக இருந்தாலும் அந்த முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு, ஒப்புகை எண்ணோடு ஒரு கடிதம் எழுதி அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் கொடுக்கின்றன. கடன் செயலியின் கடனை மற்றொரு செயலியில் வாங்கி அடைப்பது மட்டும் கூடவே கூடாது. கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்திருக்கிறது; எடுத்துக்கொண்டு உறவினரை அழைத்து மிரட்டுகிறவன் எவனோ, அவன் மேலும் அதே புகார்த் தளத்தில் புகார் செய்யலாம்.

பணத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று முதல் சில இரவுகளில் இருக்கிறது. 'நான் வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன்' என்ற எண்ணம் இளம் மனத்தில் புகுந்துகொண்டால், அது தர்க்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அந்த இரவுகளில் அவனைத் தனியாக இருக்க விடலாகாது. விடுதிக் காப்பாளரிடமும் அறைத் தோழனிடமும் பேசுங்கள். மகனிடமும், 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்களாகிவிடுவோம் என்பது தவறான பயம். கேட்கும்போதுதான் நெஞ்சில் அடைத்திருப்பது வெளியே வருகிறது. 2022 முதல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கிடைக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய சினேகா என்ற அமைப்பும் இந்தப் பணியையே செய்துவருகிறது. முடிந்தால் அம்மாவோ அப்பாவோ ஒரு முறை நேரில் போய் வாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கணக்குக் கேட்பதற்காகப் போக வேண்டாம். கூட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காவல் நிலையத்துக்கு உடன் நடந்துவிட்டு வந்தால் போதும்.

இன்னொரு வகை மோசடியையும் சொல்ல வேண்டும்: அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணம் பறிப்பதில், பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளும் அகப்படுகிறார்கள். வெட்கத்தின் காரணமாக ஆண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக மறைக்கிறார்கள். இதில் பணம் கொடுத்து விடுபட்டவர் இல்லை; கொடுத்தவரிடமே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கொடாமல் நிறுத்தி, சாட்சியத்தைச் சேமித்துக்கொண்டு புகார் செய்ய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற தளமும், நிரம்பாதவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளமும் இருக்கின்றன. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போகாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்து, பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் அதைத் தடுக்கும்படி அந்தத் தளங்கள் செய்கின்றன. இந்த விஷயத்தில் தாய் மகளிடமும், தகப்பனார் மகனிடமும் காட்டும் முகபாவம் ஒன்றே பாதி வைத்தியம்.

காவல் நிலையம் என்றவுடன் பலர் ஊரை யோசிக்கிறார்கள்: கோயம்புத்தூரிலா, இராமநாதபுரத்திலா? மாவட்டந்தோறும், மாநகரந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. எனினும், மாணவன் இருக்கும் ஊரில் கொடுப்பதே உசிதம். கூப்பிடும்போதெல்லாம் போய்வர வேண்டியவன் அவன்தானே. வங்கிகள் நிறுத்தி வைத்த பணம் தானாக வந்துவிடாது. அதே சட்டத்தின் 503ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்து, உத்தரவு பெற்று, அதை வங்கியில் காட்டிப் பெறுவது ஒரு முறை. வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். எவ்வளவு நின்றதோ அவ்வளவுதான் வரும். 40,000க்கு 9,000 வந்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்களுக்குச் சொல்வதற்குக்கூட அவனிடம் போன் இருக்காது. இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் செய்யுங்கள்: கட்டணப் பணம், யுபிஐயோடு இணைக்காத ஒரு கணக்கில், கைச்செலவுக்கு 2,000, 3,000 மட்டும் மற்றொன்றில். நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைக் குறைத்துக்கொள்ளவும் பல வங்கிகள் வசதி தருகின்றன. இதைத் தண்டனையாக அவனுக்கு மட்டும் விதிக்காமல், தகப்பனார் தம்முடைய கணக்குக்கும் செய்துகொள்வது நல்லது. விவசாயிகளுக்கான உதவித்தொகை என்ற பெயரில் அதே ஏபிகே கோப்பு அவருடைய வாட்ஸ்அப்புக்கும் வரத்தான் போகிறது.

கூட்டம் தொடங்குமுன் இரண்டு பேர் என்னிடம் வந்து, தங்கள் பிள்ளைகளின் கணக்கு முடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒருவருடைய மகன் இன்னும் புகாரே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. மற்றவர்கள் கேள்வி கேட்பதற்கு முன் அவரோடு நான் பக்கத்து அறைக்குப் போகிறேன். அவர் மகனைத் தொலைபேசியில் அழைக்கட்டும். தலைவர் அவர்கள் அதுவரையில் பொறுத்தருள வேண்டும்.